நின்ற நாணயம்
(டர்போபிராப் விமானங்கள் பயணிகளின் நம்பிக்கையைப் பெற்ற வரலாறு)

நாகபுரியில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இரயில் உறவினரைப் போன்றது. விமானமோ விருந்தினரைப் போன்றது. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஊருக்குப் போய் வந்த கதைகளைச் சொல்லாத குடும்பம் நம்மிடையே இல்லை. ஆயினும் விமான வரலாற்றிலும் இவ்வூருக்குச் சிறப்பான ஓர் இடம் உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1949-ஆம் ஆண்டில் இரவு விமான அஞ்சல் தொடங்கப்பெற்றபோது, டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் மாலையில் கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நமது சோனேகாவ் விமான நிலையத்தில் வந்து கூடின. தபால் பைகளைத் தம்முள் மாற்றிக்கொண்டு, வந்த திசைகளுக்கே திரும்பிப் பறந்தன. சென்னையில் மாலையில் போட்ட கடிதம் மறுநாள் டில்லியில் கிடைத்தது.

அந்த அஞ்சலைச் சுமந்தவை டக்கோட்டா விமானங்கள். உழைப்பில் அவற்றுக்கு நிகர் இல்லை. ஆனால் அவற்றில் ஏறியவர்கள் காதடைப்பையும், இரைச்சலையும், ஓயாத அதிர்வையும் மறந்ததில்லை. அந்தத் தலைமுறை விமானங்களுக்குப் பின் ஒரு புதுவகை விமானம் வந்தது. அதற்கு டர்போபிராப் என்று பெயர். அது எவ்வாறு பிறந்தது, விமானக் கம்பெனிகள் அதனைப் பொதுமக்களுக்கு எவ்வாறு அறிமுகம் செய்தன, மக்கள் அதனை ஏன் ஏற்றார்கள், பின்னர் ஏன் ஐயுற்றார்கள் என்பனவற்றை இக்கட்டுரையில் சொல்ல விழைகின்றேன்.

இரயில்வேக் குமாஸ்தாவுக்கு விமானத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்காதவன் நான். ஆனால் விசாரணைக் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். பயணிக்கு ஒரு வாக்குறுதி கொடுப்பது எத்தகைய பொறுப்பு என்பதை அந்தச் சிறிய சாளரத்தின் பின்னிருந்து ஓரளவு கற்றிருக்கிறேன். இது விமானங்களைப் பற்றிய கட்டுரை மட்டுமன்று. பயணிக்குக் கொடுத்த வாக்கைப் பற்றிய கட்டுரையுமாகும்.

எஞ்சினின் இயல்பு

முதலில் எஞ்சினின் இயல்பைத் தெரிந்துகொள்வோம். பழைய விமானங்களில் இருந்தது பிஸ்டன் எஞ்சின். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடித்து எரிய, பிஸ்டன் மேலும் கீழுமாகப் பாயும். அந்தப் பாய்ச்சலைச் சுழற்சியாக மாற்றி, புரொப்பெல்லர் எனப்படும் சுழல் விசிறியை ஓட்டுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடல் கடந்து பறந்த பெரிய விமானங்கள் பலவற்றில் எஞ்சின் ஒன்றுக்கு 18 சிலிண்டர்கள் இருந்தன. நான்கு எஞ்சின்களுக்கும் சேர்த்து 72 பிஸ்டன்கள்! அத்தனையும் முட்டி மோதிக் குதிக்கும்போது, இருக்கையில் அமர்ந்தவரின் பல்லும் எலும்பும் அதனை உணர்ந்தன. இறங்கிய பிறகும் சில மணி நேரம் காதில் இரைச்சல் நீங்காது.

டர்பைன் எஞ்சினில் இந்தக் குதிப்பு இல்லை. காற்றை உள்ளிழுத்து, அழுத்தி, அதில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளைத் தொடர்ந்து எரிக்கின்றார்கள். எரிந்த வெப்பக் காற்று சக்கரத்தின் இதழ்களில் மோதி அதனைச் சுழற்றுகின்றது. வெறும் ஜெட் விமானத்தில் அந்தக் காற்று பின்புறம் பீறிட்டுச் சென்று விமானத்தை முன்னே தள்ளும். டர்போபிராப்பிலோ, சுழலும் தண்டின் வலிமையைப் பற்சக்கரங்களின் வழியே விசிறிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தண்டு நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்றுக்கு மேல் சுழல, விசிறி அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சுழலும். எங்கள் இரயில்வே மொழியிற் சொன்னால், நீராவி எஞ்சினின் தள்ளுகோல்கள் முன்னும் பின்னும் ஆடியதற்கும் மின்சார எஞ்சினின் மோட்டார் ஒரே சீராகச் சுற்றுவதற்கும் உள்ள வேறுபாடே இதுவும்.

ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் தம் பிஸ்டன் எஞ்சின்களுக்குக் கெஸ்ட்ரல், மெர்லின் என வேட்டைப் பறவைகளின் பெயரைச் சூட்டியிருந்தனர். டர்பைன் எஞ்சின்களுக்கு அவர்கள் தேர்ந்தவை ஆறுகளின் பெயர்கள். ஆறு துடித்துத் துடித்து ஓடுவதில்லை, இடையறாது ஒழுகுகின்றது. அவ்வரிசையில் வந்ததே ‘டார்ட்’ என்னும் எஞ்சின். 1946-இல் முதன்முதலாக இயக்கப்பெற்ற இது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. விளம்பரம் எழுதுவோர் வருமுன்பே, பொறியாளர்கள் அந்தப் பெயரிலேயே வாக்குறுதியைப் பொதிந்து வைத்துவிட்டார்கள் எனலாம்.

பெயர் மாறிய விமானம்

1942-ஆம் ஆண்டின் இறுதியில், போர் முடிவுறாத நிலையிலேயே, போருக்குப் பின் தமக்கு எத்தகைய பயணி விமானங்கள் வேண்டும் என்று ஆராய ஆங்கிலேயர் ஒரு குழுவை அமைத்தனர். பிரபசான் பிரபு அதன் தலைவர். அக்குழு பரிந்துரைத்த வகைகளுள் ஒன்று, ஐரோப்பாவுக்குள் குறுகிய தூரம் பறக்கும் டர்பைன் விமானம். அதனை வடிவமைக்கும் பணி விக்கர்ஸ் கம்பெனியாரிடம் வந்தது. ரெக்ஸ் பியர்சன் தொடங்கிய வேலையை ஜார்ஜ் எட்வர்ட்ஸ் முன்னெடுத்துச் சென்றார்.

அவர்கள் அவ்விமானத்துக்கு முதலில் இட்ட பெயர் ‘வைசிராய்’. நம்மை ஆண்டவரின் பதவிப் பெயர்! 1947-இல் பாரதம் விடுதலை பெற்றது. வைசிராய் என்னும் பதவியே இல்லாமற் போயிற்று. இல்லாத பதவியின் பெயரில் ஒரு புது விமானத்தை விற்க முடியுமா? ஆகவே ‘விஸ்கவுண்ட்’ என்று பெயரை மாற்றினார்கள். நமது விடுதலை இங்கிலாந்தின் ஒரு தொழிற்சாலையில் தீட்டிய பெயர்ப் பலகையையும் மாற்றியது என்பதை நினைக்கையில் உள்ளம் சிறிது நிமிர்கின்றது.

பெயர் மாறியதும் பிழைப்பு உறுதியாகிவிடவில்லை. அதே 1947-இல் பிரிட்டிஷ் ஐரோப்பிய விமானக் கம்பெனியார், அதாவது பி. இ. ஏ., புதிய டர்பைனை நம்பத் துணியாமல், அம்பாசடர் என்னும் பிஸ்டன் விமானங்கள் இருபதுக்கு ஆணை கொடுத்துவிட்டனர். 1948 ஜூலை 16-ஆம் நாள் விஸ்கவுண்ட் முதன்முறையாக வானில் எழும்பியபோது அதற்கு வாங்குவோர் எவரும் இல்லை. 32 இருக்கைகளே கொண்ட அது வருவாய்க்குப் போதாது என்பதும் கம்பெனிகளின் கருத்து. டார்ட் எஞ்சினின் வலிமை கூடிய பின், விக்கர்ஸ் கம்பெனியார் விமானத்தை நீட்டி, நாற்பதுக்கு மேற்பட்டோர் அமரும்படி திருத்தி அமைத்தார்கள். அந்தத் திருத்திய வடிவம் 1950 ஆகஸ்டில் பறந்தது.

ஒரு மாத வெள்ளோட்டம்

இதற்கிடையே பி. இ. ஏ. ஒரு நல்ல காரியம் செய்தது. விளம்பரத்தில் பெருமை பேசுவதற்கு முன், சிறிய முதல் விமானத்தையே இரவல் வாங்கி, உண்மைப் பயணிகளை ஏற்றிப் பார்த்தது. 1950 ஜூலை 29-ஆம் நாள், இலண்டன் நகரின் நார்த்தோல்ட் விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்கு அவ்விமானம் கிளம்பியது. கட்டணம் கொடுத்தவர்கள் 14 பேர். விருந்தினர் 12 பேர். டர்பைன் எஞ்சினால் இயங்கும் விமானம் ஒன்று அட்டவணைப்படி கட்டணப் பயணிகளைச் சுமந்தது உலகில் அதுவே முதல் முறை. இரண்டு வாரம் பாரிஸுக்கும், பின்னர்க் கலைவிழா நடந்துகொண்டிருந்த எடின்பரோ நகருக்கும் அது பறந்தது.

இறங்கியவர்கள் வேகத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அமைதியைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் உரையாட முடிந்தது! நாம் இன்று இதனை ஒரு பொருட்டாக எண்ணமாட்டோம். அன்றைய விமானப் பயணிக்கு அது வியப்பிலும் வியப்பு. அந்த ஆகஸ்டு மாதத்திலேயே பி. இ. ஏ. கம்பெனியார் பெரிய விஸ்கவுண்ட் விமானங்கள் இருபதுக்கு ஆணை வழங்கிவிட்டனர். மூன்றாண்டுகளுக்கு முன் தயங்கியவர்களின் தயக்கத்தைப் போக்கியது கணக்குப் புத்தகம் மட்டுமன்று. பயணிகளின் வாய்ச்சொல்லும் ஆகும்.

1953 ஏப்ரல் 18-ஆம் நாள் இலண்டனிலிருந்து ரோம், ஏதென்ஸ் வழியாகச் சைப்ரஸ் தீவுக்கு ஒழுங்கான சேவை தொடங்கியது. உலகின் முதல் நிலையான டர்போபிராப் சேவை அதுவே. விமானங்களுக்குப் புகழ்பெற்ற கடலோடிகள், நாடு கண்டவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். 1954–55 நிதியாண்டில் பி. இ. ஏ. தன் வரலாற்றிலேயே முதன்முறையாக இலாபம் கண்டது. அதற்கு விஸ்கவுண்டே முதன்மைக் காரணம் என்று எல்லோரும் ஒப்பினர்.

மேசைமேல் நின்ற காசு

இனி விளம்பரத்துக்கு வருவோம். விஸ்கவுண்டைப் பற்றிப் பரவிய செய்திகளுள் மிகவும் புகழ் பெற்றது காசு நிறுத்தும் வேடிக்கை. பறந்துகொண்டிருக்கும்போதே, முன்னுள்ள சிறு மேசையில் ஒரு காசை விளிம்பின்மேல் செங்குத்தாக நிறுத்துவார்கள். அது விழாமல் நிற்கும்! சிலர் பென்சிலையும் நிறுத்திக் காட்டினர். எஞ்சின்கள் நான்கும் முழு வலிமையோடு இயங்க, விமானம் மணிக்கு முந்நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் செல்ல, ஒரு காசு அசையாமல் நிற்கின்றது என்றால், அதற்கு மேல் ஒரு சான்று வேண்டுமோ?

இந்த வேடிக்கையின் சிறப்பு யாது? இதனைக் கம்பெனி சொல்ல வேண்டியதில்லை. பயணி தானே தன் சட்டைப் பையிலுள்ள காசை எடுத்துச் சோதிக்கலாம். “எங்கள் விமானம் சுகமானது” என்று எவரும் அச்சிடலாம். அதனை ஒப்புவதும் மறுப்பதும் படிப்பவர் மனப்போக்கு. “உங்கள் காசை நிறுத்திப் பாருங்கள்” என்று சொல்பவன், தோற்பதற்கும் துணிந்தே சொல்லுகின்றான். நம் தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல் அமைந்திருக்கின்றது. அந்தச் சிறு மேசையில் நின்றது இரண்டு பொருளிலும் நாணயமே.

இவ்வாறே பயணி தன் கண்ணால் காணத்தக்க மற்றொன்று சன்னல். விஸ்கவுண்டின் சன்னல்கள் முட்டை வடிவில், 26 அங்குல உயரமும் 19 அங்குல அகலமும் கொண்டவை. இன்றைய விமானச் சன்னல்களை நோக்க அவை மிகப் பெரியவை. உள்ளே காற்றழுத்தம் காக்கப்பட்டதால், விமானம் மேகக் கொந்தளிப்புக்கு மேலே பறந்தது, காதும் அடைக்கவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த விளம்பரங்கள் பெரிய சன்னல், அதிர்வின்மை, ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் பெயர் ஆகிய மூன்றையுமே திரும்பத் திரும்ப எடுத்துரைத்தன. அந்நாட்டு மக்களுக்கு ரோல்ஸ்-ராய்ஸ் என்றால் செல்வர்களின் மோட்டார் கார். அந்தக் காரில் ஏற வசதியில்லாதவர், ஒரு விமானச் சீட்டு வாங்கினால் அந்தப் பெயருடைய எஞ்சின் நான்கின் பின்னே அமரலாம் அன்றோ!

அமெரிக்கா சென்ற விஸ்கவுண்ட்

டிரான்ஸ்-கனடா கம்பெனியார் 1955 ஏப்ரல் முதல் நாள் விஸ்கவுண்ட் சேவையைத் தொடங்கினர். வட அமெரிக்காவில் டர்போபிராப் பயணம் தொடங்கிய நாள் அது. அதே ஆண்டு ஜூலை 26-இல், அமெரிக்காவின் கேபிடல் கம்பெனி வாஷிங்டனுக்கும் சிகாகோவுக்கும் இடையே விஸ்கவுண்டை விட்டது. அமெரிக்காவிலேயே விமானம் கட்டும் பெருங்கம்பெனிகள் பல இருக்க, கேபிடல் 60 விஸ்கவுண்டுகளுக்கு ஆணை கொடுத்தது பெருந்துணிச்சல். தன்னைவிடப் பெரிய போட்டிக் கம்பெனிகளிடம் அப்போது டர்பைன் விமானம் எதுவும் இல்லை. பயணிகள் கேபிடலை நாடி வந்தனர்.

ஆனால் நல்ல விமானமும் உண்மையான விளம்பரமும் மட்டுமே ஒரு கம்பெனியைக் காப்பாற்றிவிடா. கேபிடலின் வழிகள் பெரும்பாலும் குறுகியவை. வருவாய் சிறிது, கடன் பெரிது. இடையில் சில விபத்துக்களும் நேர்ந்தன. விக்கர்ஸ் கம்பெனியார்க்குத் தர வேண்டிய பணத்தைக் கட்ட இயலாமல், 1961-இல் கேபிடல் யுனைடெட் கம்பெனியோடு இணைந்து மறைந்தது. விமானத்தின் புகழ் நிலைத்தது. அதனை அந்நாட்டுக்குக் கொண்டுவந்தவன் நிலைக்கவில்லை. வாணிகத்தில் இத்தகைய கொடுமைகள் உண்டு.

விஸ்கவுண்டின் வெற்றிக்கு மற்றொருவரின் துயரமும் துணை நின்றதை மறைக்கலாகாது. உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் 1952 மே மாதத்தில் சேவைக்கு வந்தது. 1954-இல், ஜனவரியில் ஒன்றும் ஏப்ரலில் ஒன்றுமாக, இரண்டு காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலின்மேல் சிதறி வீழ்ந்தன. உலோகம் களைத்து வெடித்ததே காரணம் என்று பின்னர்க் கண்டார்கள். அதனால் ஜெட் விமானங்கள் சில ஆண்டுகள் பின்தங்க, அந்த இடைவெளியில் டர்போபிராப் செழித்தது.

சுருங்கிய கடல்

அடுத்து வந்தது பிரிட்டானியா. பிரிஸ்டல் கம்பெனியார் கட்டிய இப்பெரிய டர்போபிராப் விமானத்தை ‘கிசுகிசுக்கும் பேருருவம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் விளம்பரம் செய்தனர். தரையில் நிற்பவர்க்கும் அதன் ஓசை குறைவாகவே கேட்டதாம். ஆனால் உயரப் பறக்கையில் எஞ்சினில் பனிக்கட்டி உறையும் குறை கண்டுபிடிக்கப்பட்டு, அதனைத் தீர்ப்பதில் காலம் கழிந்தது. 1957 பிப்ரவரியில் ஆப்பிரிக்கா செல்லும் வழியில் சேவை தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 19-இல் இலண்டனிலிருந்து நியூயார்க்குக்கு அட்லாண்டிக் கடலைக் கடந்தது.

அதே டிசம்பரில் இஸ்ரேல் நாட்டு எல் அல் கம்பெனியும் பிரிட்டானியாவை அட்லாண்டிக் வழியில் விட்டது. அதற்காக நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் என்னும் விளம்பர நிலையத்தார் தயாரித்த பத்திரிகை விளம்பரம், அத்தொழில் கற்போர் இன்றும் பாடமாகப் படிப்பது. அதில் விமானப் படமே இல்லை. புன்னகை புரியும் பணிப்பெண்ணும் இல்லை. பக்கம் முழுவதும் கடல். அதன் ஓரத்தில் ஒரு பட்டை கிழித்தெடுத்தாற்போல் இருந்தது. குறிப்பிட்ட ஒரு நாள் முதல் அட்லாண்டிக் கடல் நூற்றுக்கு இருபது பங்கு சிறிதாகிவிடும் என்பதே அதிற் கண்ட செய்தி. கீழே கடல் இருப்பதைப் பயணிக்கு நினைவூட்டவே மற்ற கம்பெனிகள் அஞ்சிய காலம் அது. எல் அல் கம்பெனியோ கடலை நேருக்கு நேர் காட்டி, அது குறைந்துவிட்டது என்றது. மணிக்கு இத்தனை மைல் என்னும் கணக்கு, ஊரைவிட்டு வந்தவனுக்கு விளங்குவதில்லை. ஊர் இவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்றால் விளங்கும். நமக்கும் நாகபுரி எத்தனை கிலோமீட்டர் என்பது நினைவில்லை. எத்தனை இரவுகள் என்பதே நினைவிருக்கின்றது.

எனினும் பிரிட்டானியாவின் நாட்கள் எண்ணப்பட்டிருந்தன. 1958 அக்டோபர் 4-ஆம் நாள் திருத்திய காமெட்டும், அக்டோபர் 26-ஆம் நாள் போயிங் 707-உம் அட்லாண்டிக் வழியில் சேவைக்கு வந்துவிட்டன. கடல் மீண்டும் சுருங்கியது. பிரிட்டானியாவில் மொத்தம் 85 விமானங்களே கட்டப்பெற்றன.

‘ஜெட்’ என்னும் சொல்

இதன் பின் ஒரு சொற்போர் நடந்தது. டர்போபிராப் என்னும் பெயர் பொதுமக்கள் வாயில் எளிதில் நுழையவில்லை. ஆகவே ‘ஜெட்-பிராப்’ என்றும் ‘பிராப்-ஜெட்’ என்றும் கம்பெனிகள் விளம்பரம் செய்தன. இது பொய்யன்று, எஞ்சினின் உள்ளே இருப்பது ஜெட்டின் உறுப்பே. ஆனால் முழு உண்மையும் அன்று. ஜெட் என்னும் சொல்லின் மினுமினுப்பைக் கடன் வாங்கியவர்கள், உண்மையான ஜெட் வந்தபோது வட்டியுடன் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. “ஜெட்தான் உயர்ந்தது என்று நீங்களே சொன்னீர்களே, அப்படியானால் விசிறி இல்லாத ஜெட்டில் ஏன் போகக் கூடாது?” என்று பயணிகள் எண்ணத் தொடங்கினர்.

விசிறி கண்ணுக்குத் தெரிந்தது, அதுவே குற்றமாயிற்று. 1953-இல் புதுமையின் சின்னமாக இருந்த அதே விசிறி, 1960-இல் பழமையின் சின்னமாயிற்று. விக்கர்ஸ் கம்பெனியார் விஸ்கவுண்டைவிடப் பெரியதாக, வேகமாக, செலவு குறைவாக வான்கார்டு என்னும் விமானத்தைக் கட்டினர். பி. இ. ஏ. கம்பெனியும் டிரான்ஸ்-கனடாவும் தவிர வேறெவரும் அதனைப் புதிதாக வாங்கவில்லை. கட்டியவை 44 மட்டுமே. விமானத்தில் பெருங்குறை ஒன்றும் இல்லை, காலந்தான் மாறியிருந்தது.

எலக்ட்ராவின் சோதனை

விளம்பரத்தின் வாக்குறுதி உயிரோடு விளையாடிய ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனியார் கட்டிய எலக்ட்ரா 1959 ஜனவரியில் சேவைக்கு வந்தது. விரைவிலும் வசதியிலும் அது சிறந்தது என்று விமானிகளே போற்றினர். அவ்வாண்டு செப்டம்பர் 29-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஓர் எலக்ட்ரா நடுவானில் சிறகு ஒடிந்து வீழ்ந்து 34 பேர் மாண்டனர். 1960 மார்ச் 17-இல் இந்தியானா மாநிலத்தில் அதேபோல் மற்றொன்று வீழ்ந்து 63 பேர் மாண்டனர்.

அமெரிக்க அரசின் விமானத் துறை அவ்விமானங்களை நிறுத்திவிடவில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்ட ஆணையிட்டது. அம்முடிவு சரியா என்று பெரும் வாதம் எழுந்தது. லாக்ஹீட் பொறியாளர்களோடு போட்டிக் கம்பெனிகளான போயிங், டக்ளஸ் ஆகியவற்றின் நிபுணர்களும் ஆராய்ச்சியில் உதவினர் என்பது பாராட்டுக்குரியது. காற்றுச் சுரங்கத்தில் மாதிரியை வைத்துச் சோதித்து உண்மையைக் கண்டனர். எஞ்சினைத் தாங்கும் கட்டு பலவீனமடைந்தால், சுழலும் விசிறி தளர்ந்த பம்பரத்தைப் போலத் தலையாட்டத் தொடங்கும். அந்த ஆட்டத்தின் தாளமும் சிறகின் இயல்பான அசைவின் தாளமும் ஒன்றாகும்போது, ஊஞ்சலை ஏற்ற நேரத்தில் தள்ளியதைப் போல ஆட்டம் பெருகிச் சிறகே முறிந்துவிடும். லாக்ஹீட் கம்பெனியார் தம் செலவில், சுமார் 2½ கோடி டாலர் செலவழித்து, விமானங்களைத் திருப்பி அழைத்து வலுப்படுத்தினர். 1961-இல் வேகத் தடை நீங்கியது.

விமானம் திருந்தியது, மக்கள் மனம்? சில கம்பெனிகள் ‘எலக்ட்ரா-2’ என்று புதுப் பெயரிட்டு விளம்பரம் செய்தன. பெயர் மாற்றத்தால் அச்சம் நீங்குமா என்ன? முன்பு வைசிராய் விஸ்கவுண்ட் ஆனது வேறு; இறந்தவர் நினைவை மறைக்கப் பெயர் மாற்றுவது வேறு. எலக்ட்ரா இழந்த நம்பிக்கையை மீட்டுத் தந்தது அச்சு மை அன்று, ஆண்டுக்கணக்கான உழைப்பே. பிரேசில் நாட்டில் ரியோ டி ஜனீரோவுக்கும் சாவ் பவுலோவுக்கும் இடையே வாரிக் கம்பெனியின் எலக்ட்ராக்கள் 1975 முதல் 1992 வரை நாள்தோறும் பறந்தன. அஞ்சத்தக்கது என்று ஒரு நாட்டார் ஒதுக்கிய விமானத்தை மற்றொரு நாட்டார் பிரிய மனமின்றி விடைகொடுத்து அனுப்பினர்.

நம் நாட்டில்

நமது நாட்டில் 1953-இல் எட்டுத் தனியார் கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் பிறந்தது. 1957-இல் அது விஸ்கவுண்டைச் சேவையில் ஈடுபடுத்தி, டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய பெருநகரங்களை இணைக்கும் முதன்மை வழிகளில் விட்டது. வைசிராய் என்று பெயர் பெற்றுப் பிறந்த விமானம், வைசிராய் ஆட்சி நீங்கிய பத்தாம் ஆண்டில், விடுதலை பெற்ற மக்களின் ஊர்தியாக இங்கு வந்து இறங்கியது! 1961-இல் பொக்கர் பிரண்ட்ஷிப் வந்தது. அதே ஆண்டில் கான்பூரில் சேர்த்துக் கட்டப்பெற்ற முதல் ஆவ்ரோ விமானமும் பறந்தது. இம்மூன்றின் சிறகிலும் இருந்தது அதே டார்ட் எஞ்சின்.

பெரிய வழிகளை ஜெட்டுகள் கைப்பற்றிய பின்னும் டர்போபிராப் அழிந்துவிடவில்லை. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது, குறுகிய தூரத்துக்கு அதனைவிடச் சிக்கனமானது வேறில்லை என்பது மீண்டும் விளங்கியது. பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து கட்டிய ஏடிஆர் விமானம் 1984-இல் முதன்முதலாகப் பறந்தது. அதன் வகையைச் சேர்ந்தவையே இன்று நம் நாட்டின் சிறு நகரங்கள் பலவற்றுக்குச் சென்று வருகின்றன.

என் அனுபவம்

சென்ற ஆண்டு, திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் என் தாயார் நோய்வாய்ப்பட்டிருப்பதாக நள்ளிரவில் செய்தி வந்தது. இரயில்வேக்காரன் விமானத்தில் போவதா என்னும் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு, காலையில் சென்னை சென்று, அங்கிருந்து தூத்துக்குடிக்கு மற்றொரு விமானம் ஏறினேன். இறக்கையின் கீழே விசிறிகள் தொங்கின. பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் அதனைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பழைய விமானத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார்களே?” என்று கவலையோடு கேட்டார்.

விசாரணைக் கவுண்டரில் இருந்த பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. “இல்லை ஐயா, இது பழையதன்று. குறுகிய ஓடுபாதைக்கும் குறுகிய தூரத்துக்கும் ஏற்றதே இதுதான். உள்ளே இருப்பதும் டர்பைன் எஞ்சின்தான்” என்றேன். அவர் முகம் சிறிது தெளிந்தது. நான் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் நிறுத்தினேன். அது நின்றது, பின் விழுந்தது. விமானம் அதிர்ந்ததா, என் கை நடுங்கியதா, சொல்ல இயலாது. அன்றைய மனநிலையில் என் கையாகவே இருக்கலாம். பெரியவர் நாணயத்தை எடுத்து என் கையில் கொடுத்து, “எதற்குத் தம்பி அவசரமாகப் போகிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். தரையிறங்கும்வரை என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் தாயார் அருகில் இருந்தேன். இரயிலில் போயிருந்தால் அப்போது பாதி வழியைக்கூடக் கடந்திருக்க மாட்டேன். அன்னையார் தேறினார்; இன்றும் நலமாக இருக்கிறார்.

அன்று நான் விளங்கிக்கொண்டது இதுதான். பயணி ஒவ்வொருவரும் ஏதோ ஓர் அவசரத்தோடு, ஏதோ ஒரு கவலையோடு வருகிறார். எஞ்சினின் பெயர் அவருக்கு வேண்டியதில்லை; சொன்னபடி நடக்குமா என்பதே வேண்டும். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று மெய்யைச் சொன்னால் முணுமுணுத்துவிட்டுப் பொறுத்துக்கொள்வார். “இதோ வருகிறது” என்று பொய்யைச் சொல்லிப் பிளாட்பாரத்தில் நிறுத்தி வைத்தால், அடுத்த முறை மெய்யைச் சொன்னாலும் நம்பமாட்டார். விஸ்கவுண்டை விற்றவர்கள் தம்மால் மெய்ப்பிக்க இயன்றதைச் சொன்னார்கள். பயணியையே சோதிக்கச் செய்தார்கள். அவ்விமானங்கள் 445 கட்டப்பெற்றன. சொல்லை மட்டும் மெருகேற்றியவர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

அந்த ஒரு ரூபாய் நாணயத்தை நான் செலவிடவில்லை. விசாரணைக் கவுண்டரில் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். “வண்டி எப்போது வரும்?” என்று எவரேனும் கவலையோடு கேட்கும்போது, மறுமொழி சொல்லுமுன் அதனை ஒருமுறை தொட்டுக்கொள்கிறேன்.